சவப்பெட்டி செய்த துறவிகளும் லிபர்டேரியன் வழக்கறிஞர்களும்

கேள்வி இது: “அமெரிக்காவில் குடும்பம், மதம், ஒழுக்கம் என்று பேசும் சமூகப் பழமைவாதிகளும், தனிமனிதன் விஷயத்தில் அரசு தலையிடவே கூடாது என்று சொல்லும் லிபர்டேரியன்களும் பல ஆண்டுகள் ஒரே அணியில் இருந்தார்கள். ஒருவர் ஆபாசப் படங்களைத் தடை செய்யச் சொல்கிறார். மற்றவர் போதைப்பொருளைக்கூடத் தடை செய்யாதே என்கிறார். இவர்களுக்குள் உண்மையிலேயே பொதுவான இடம் உண்டா? அல்லது தேர்தலுக்காகச் சேர்ந்த கூட்டணி மட்டும்தானா?”

உண்டு. தேர்தல் கணக்குகள் மாறிய பிறகும் நிற்கக்கூடிய இடம் அது. ஆனால் பலரும் அதைக் கொள்கை விளக்கங்களில் தேடுகிறார்கள். நல்ல வாழ்க்கை எது என்று இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னால் பொழுது விடிந்தாலும் முடிவு வராது. ஒரு குறிப்பிட்ட வழக்கை எடுத்து வைத்து, இதை முடிவு செய்ய வேண்டியது யார், பெற்றோரா, திருச்சபையா, தொழில் செய்பவரா, அரசு வாரியமா என்று கேட்டுப் பாருங்கள். அடிக்கடி ஒரே பதில் வரும். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு லூசியானாவில் நடந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அங்கே 1889-இல் தொடங்கப்பட்ட புனித சூசையப்பர் மடம் இருக்கிறது. பெனடிக்டின் சபைத் துறவிகளின் மடம். இறந்துபோகும் சகோதரர்களுக்குச் சவப்பெட்டியைத் துறவிகளே மரத்தில் செய்வது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். 1990-களின் தொடக்கத்தில் இரண்டு ஆயர்கள் அந்த மடத்துப் பெட்டிகளில் அடக்கம் செய்யப்பட்டபோது, எங்களுக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா என்று வெளியார் கேட்க ஆரம்பித்தார்கள். 2005-இல் கத்ரினா புயல் வந்து மடத்தின் காட்டு மரங்களைச் சாய்த்தது. மரத்திலிருந்து வந்த வருமானம் நின்றுபோனது. முப்பதுக்கும் மேற்பட்ட துறவிகளின் மருத்துவச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும் வழி தேட வேண்டியிருந்தது. 2 லட்சம் டாலர் போட்டுத் தச்சுப்பட்டறை அமைத்தார்கள். 1,500 டாலருக்கு ஒரு வகை, 2,000 டாலருக்கு ஒரு வகை. ஈமச்சடங்கு நிறுவனங்கள் விற்ற பெட்டிகளைவிட விலை குறைவு.

ஒரு பெட்டிகூட விற்பதற்கு முன்பே மாநிலத்தின் ஈமச்சடங்கு வாரியத்திடமிருந்து நிறுத்தச் சொல்லி ஆணை வந்துவிட்டது. லூசியானாவுக்குள் சவப்பெட்டி விற்க வேண்டுமானால் ஈமச்சடங்கு நிறுவனமாகவே உரிமம் பெற வேண்டும் என்றது சட்டம். அதற்கு முப்பது பேருக்கு இடமுள்ள அஞ்சலிக் கூடம் கட்ட வேண்டும். ஆறு பெட்டிகளை வைத்துக் காட்ட ஓர் அறை, எம்பாமிங் (உடலைப் பதப்படுத்துதல்) செய்வதற்கான வசதி, முழுநேர ஈமச்சடங்கு இயக்குநர் ஒருவர் எல்லாம் வேண்டும். துறவிகளோ யாருடைய உடலையும் தொடப்போவதில்லை. அவர்கள் விற்க நினைத்தது வெறும் மரப்பெட்டி. அதே மாநிலத்தில் பெட்டியே இல்லாமலும் அடக்கம் செய்யலாம். வீட்டில் சொந்தமாகச் செய்துகொள்ளலாம். வெளிமாநிலத்திலிருந்து இணையத்தில் வரவழைக்கலாம். உள்ளூர்த் துறவியிடம் வாங்குவதுதான் குற்றம். வாரியத்தில் ஒன்பது உறுப்பினர்கள். அவர்களில் எட்டுப் பேர் அதே தொழிலில் இருப்பவர்கள் என்று தெரிந்தால் இந்த விதி ஏன் இருந்தது என்பது புரிந்துவிடும்.

மடத்தார் முதலில் சட்டமன்றத்தை அணுகிப் பார்த்தார்கள். விதி மாறவில்லை. 2010-இல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காகக் கட்டணம் இல்லாமல் வாதாடியது ‘இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ்’ என்ற லிபர்டேரியன் சட்ட அமைப்பு. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2011-இல் துறவிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2013 மார்ச்சில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் மனுவை ஏற்க மறுத்தது.

இந்த வழக்கில் யாரும் தம் கொள்கையில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற வாழ்க்கைமுறையை ஏற்றவர்கள் ஒரு பக்கம். அந்த வாழ்க்கைமுறையைப் பற்றித் தமக்குக் கருத்தே தேவையில்லை என்பவர்கள் மறுபக்கம். துறவிகளுக்கு அது மடத்தின் மரபு. வழக்கறிஞர்களுக்கு அது உழைத்துப் பிழைக்கும் உரிமை. எதிரே நின்றது ஒன்றுதான்: போட்டியைத் தடுக்க அரசின் கையைக் கடன் வாங்கிய ஒரு தொழிற்கூட்டம். காரணங்களை ஒன்றாக்க வேண்டிய தேவையே எழவில்லை.

கொள்கை அளவிலேயே இரண்டையும் ஒன்றாக்க முயன்றவரும் உண்டு. ஃபிராங்க் மேயர். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக உழைத்து, பிறகு அதிலிருந்து விலகி, 1955-இல் வில்லியம் பக்லி தொடங்கிய ‘நேஷனல் ரெவ்யூ’ என்ற பழமைவாத இதழில் எழுதியவர். அவருடைய வாதத்தைச் சுருக்கிச் சொல்லலாம். மனிதன் தானே தேர்ந்துகொண்டால்தான் அது அறம். தண்டனைக்கு அஞ்சி ஒழுங்காக நடப்பவனை அறவோன் என்று சொல்ல முடியாது. ஆகவே அறத்தை நேசிப்பவன் சுதந்திரத்தையும் காக்க வேண்டும். பக்லியின் மைத்துனர் பிரென்ட் போஸெல் இதை ஏற்கவில்லை. மனிதன் பலவீனமானவன், நல்வழியில் நடக்கச் சட்டமும் சமூகமும் அவனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று 1962-இல் அதே இதழில் மறுத்து எழுதினார். பழமைவாதச் சிந்தனையாளர் ரஸ்ஸல் கர்க் லிபர்டேரியன்களோடு கூட்டே வேண்டாம் என்றார். மறுபுறம் சுதந்திரச் சந்தையை ஆதரித்த பொருளாதார அறிஞர் ஹாயெக், தாம் ஏன் பழமைவாதி அல்ல என்று 1960-இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

அதே 1960-இல் கனெக்டிகட்டின் ஷாரன் என்ற ஊரில், பக்லியின் குடும்ப வீட்டில் கூடிய இளைஞர்கள் இரு தரப்புக்கும் பொதுவான அறிக்கை ஒன்றை வெளியிட்டு ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஒன்பது ஆண்டுகள்தான். 1969-இல் செயின்ட் லூயிஸில் நடந்த அதன் மாநாட்டில், வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து ஓர் இளைஞர் ராணுவ அழைப்பு அட்டையைக் கொளுத்த, அரங்கமே இரண்டாகப் பிளந்தது. கம்யூனிச எதிர்ப்பு என்ற கயிறு கட்டி வைத்திருந்ததைத் தத்துவம் கட்டி வைக்கவில்லை. மேயரின் வாதத்தில் பாதி உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். கட்டாயத்தால் அறம் வளராது என்பது சரி. ஆனால் தனியாக விடப்பட்டவனிடமும் அது தானாக வளர்ந்துவிடுவதில்லை. அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டார், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி, ஊர்ச் சங்கம் என்று யாரோ அதை ஊட்டி வளர்க்கிறார்கள். தனிமனிதனுக்கும் அரசுக்கும் நடுவில் இருக்கும் இந்த அமைப்புகள்தான் இரு தரப்பும் சேர்ந்து நிற்கக்கூடிய நிலம்.

கல்வியில் இது தெளிவாகத் தெரியும். 1922-இல் ஆரிகன் மாநிலம், எல்லாக் குழந்தைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளை ஒழிக்க நினைத்த கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு அதற்குப் பின்னால் நின்றது. கன்னியர் சபை ஒன்று தொடுத்த வழக்கில் 1925-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. குழந்தை அரசின் வெறும் படைப்பு அல்ல என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை இன்றும் இரு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன. 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தில், நவீன வாழ்க்கையை ஒதுக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தந்தையர் மூவரின் வழக்கு வந்தது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததற்காக ஆளுக்கு 5 டாலர் அபராதம். ஆமிஷ் மக்கள் தங்களைக் காத்துக்கொள்ள நீதிமன்றம் போகாதவர்கள் என்பதால், ஒரு லூத்தரன் போதகர் குழு அமைத்து அவர்களுக்காக வழக்கை நடத்தினார். அவர்கள் வென்றார்கள்.

வீட்டுக்கல்வி இயக்கத்தில் இந்த நட்பு இன்னும் நெருக்கமானது. 1977-இல் அதற்கென்று ஒரு செய்தி இதழ் தொடங்கிய ஜான் ஹோல்ட் மதச்சார்பற்றவர், குழந்தையின் சுதந்திரத்தை நம்பியவர். ரேமண்ட், டோரதி மூர் தம்பதியர் செவன்த் டே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள், பெற்றோரின் அன்பும் ஒழுங்கும் முதலில் வேண்டும் என்றவர்கள். பல மாநிலங்களில் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த பெற்றோர் வழக்கைச் சந்தித்த காலம் அது. 1990-களின் தொடக்கத்துக்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமானது. 1994-இல், ஆசிரியர்கள் தாங்கள் நடத்தும் பாடத்துக்குச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற ஒரு வரி கல்வி மசோதாவில் நுழைந்தது. அது தம்மையும் பிடிக்கும் என்று அஞ்சிய பெற்றோர் நாடு முழுவதிலிருந்தும் தொலைபேசியில் அழைக்க, நாடாளுமன்ற இணைப்பகமே திணறியது. 424-க்கு 1 என்ற வாக்கில் அந்த வரி நீக்கப்பட்டது. வீட்டுக்கல்வியைக் காக்கும் திருத்தத்தை முன்னின்று கொண்டுவந்தவர் டிக் ஆர்மி, சந்தைச் சுதந்திரத்தை வலியுறுத்திய டெக்சாஸ் உறுப்பினர், முன்பு பொருளாதாரப் பேராசிரியர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆமிஷ் வழக்கில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டு எழுதினார். பெற்றோரின் உரிமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பிள்ளைகளைக் கேட்டீர்களா என்பது அவர் கேள்வி. அந்தக் குடும்பங்களில் சாட்சி சொன்னது ஒரு சிறுமி மட்டுமே. குழந்தை அரசின் சொத்து அல்ல என்றால் அது பெற்றோரின் சொத்தும் அல்ல. குடும்பமும் சமூகமும் அரசைவிட மென்மையானவை என்று எப்போதும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது பச்சையாகத் தெரிந்தது. 1957-இல் ‘நேஷனல் ரெவ்யூ’ தலையங்கம் தெற்கு வெள்ளையரின் ஆதிக்கத்துக்கு ஆதரவாக எழுதியது. 1964-இல், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான செனட்டர் பாரி கோல்ட்வாட்டர், இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார். சொத்துரிமை, கூட்டாட்சி என்று அவர் சொன்ன காரணங்கள் லிபர்டேரியன் காரணங்கள். அவரைத் தேர்தலில் தூக்கிப் பிடித்த தென்மாநில வாக்காளர் பலருக்கு வேண்டியிருந்தது பழைய இன ஒழுங்கு. இந்தக் கூட்டணி ஒன்றுசேர்ந்து செய்த மிக மோசமான காரியம் அது. கறுப்பினத்தவரை ஓட்டலுக்குள் விடாமல் தடுத்ததில் மாநிலச் சட்டங்களுக்கும் ஊராரின் மிரட்டலுக்கும் சம பங்கு இருந்தது. மிரட்டலை ‘சமூக மரபு’ என்று பழமைவாதிகளும், ‘சொந்த விருப்பம்’ என்று லிபர்டேரியன்களும் சொல்லிக் கடந்துபோனார்கள். நம் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், அரை நாள் பள்ளி, மீதிப் பொழுது வீட்டுத் தொழில் என்றபோது, அது குலக்கல்வி என்று இங்கே எழுந்த எதிர்ப்பின் அடிப்படையும் இதுதான். வீடு என்பது இங்கே சாதியும்தான்.

ஆகவே அந்த நடு நிலத்துக்கு ஒரு நிபந்தனை வைப்பேன்: உள்ளே இருப்பவர் வெளியேற முடிய வேண்டும். மடத்தை விட்டு ஒரு துறவி போக நினைத்தால் போகலாம். ஆமிஷ் இளைஞர் ஞானஸ்நானம் பெறுவது வளர்ந்த பிறகு, தாமே முடிவு செய்து. அந்தக் கதவு திறந்திருக்கிறதா, வெளியே வந்தவருக்குப் பிழைக்கத் தேவையான படிப்பு இருக்கிறதா என்று கேட்கும் கடமை அரசுக்கு உண்டு. பழமைவாதிகள் இதை ஏற்க வேண்டும். வெளியேறும் உரிமை உள்ள அமைப்பு கண்டிப்பாக இருப்பதாலேயே அதை அடக்குமுறை என்று சொல்லக் கூடாது என்பதை லிபர்டேரியன்கள் ஏற்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையை மத சுதந்திர வழக்குகள் கற்றுத்தருகின்றன. 1990-இல், அமெரிக்கப் பழங்குடி மக்களின் திருச்சபைச் சடங்கில் பெயோட்டே என்ற மயக்கம் தரும் கள்ளியை உட்கொண்டதற்காக வேலை இழந்த இருவருக்கு வேலையின்மை உதவித்தொகை மறுக்கப்பட்டது சரியே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா, பழமைவாதிகளின் பெருமதிப்புக்குரியவர். பெயோட்டேயை எந்த எவாஞ்சலிகல் சபையும் ஆதரிக்காது. ஆனாலும் இன்று அவர்களுக்கு நடந்தது நாளை நமக்கும் நடக்கும் என்று புரிந்துகொண்டு, சிவில் உரிமை அமைப்புகளோடு சேர்ந்து போராடினார்கள். 1993-இல் மத சுதந்திர மீட்புச் சட்டம் செனட்டில் 97-க்கு 3 என்ற வாக்கில் நிறைவேறியது. 2015-இல் ஆர்கன்சா சிறையில் இருந்த ஒரு முஸ்லிம் கைதி அரை அங்குலத் தாடி வைத்துக்கொள்ளலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. அவருக்காக வாதாடியவர்களில் கிறிஸ்தவ நிறுவனங்களுக்காக வழக்காடும் பெக்கெட் அமைப்பும் இருந்தது. தனக்குப் பிடிக்காதவருக்கும் இதே பாதுகாப்பைக் கேட்பவரின் வாதத்தை மட்டுமே நான் சுதந்திர வாதம் என்று எடுத்துக்கொள்வேன்.

சிறைச் சீர்திருத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே ஒத்துப்போவது எளிது. அதிபர் நிக்சனின் உதவியாளராக இருந்து வாட்டர்கேட் விவகாரத்தில் சிறை சென்ற சார்ல்ஸ் கோல்சன் 1976-இல் கைதிகளுக்காக ஊழியம் தொடங்கினார். அவருக்கு மனந்திரும்புதல் முக்கியம். லிபர்டேரியன்களுக்கு அரசின் தண்டிக்கும் அதிகாரம் குறைவது முக்கியம். 2007-இல் டெக்சாஸில் இன்னும் 17,000-க்கும் மேற்பட்ட சிறைப் படுக்கைகள் வேண்டியிருக்கும் என்று கணித்தபோது, குடியரசுக் கட்சியினரின் கட்டுப்பாட்டில் இருந்த சட்டமன்றம் புதுச் சிறைகளுக்குப் பதில் 24.1 கோடி டாலரைப் போதை மீட்புச் சிகிச்சைக்கும் மாற்றுத் திட்டங்களுக்கும் ஒதுக்கியது. 2011-இல் சுகர்லேண்ட் நகரச் சிறை மூடப்பட்டது. 2018-இல் கூட்டாட்சி அளவிலும் ஒரு சிறைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, செனட்டில் 87-க்கு 12.

எங்கே ஒத்துப்போக முடியாது? கருக்கலைப்பில். அதை மூடி மறைப்பதில் பயனில்லை. கருவும் ஓர் உயிர் என்று நம்புபவருக்கு அதைக் காப்பது அரசின் முதல் கடமை. நம்பாதவருக்கு அது பெண்ணின் உடல்மீது அத்துமீறல். லிபர்டேரியன்களே இதில் இரண்டுபட்டிருக்கிறார்கள். மகப்பேறு மருத்துவரான ரான் பால் கருக்கலைப்பை எதிர்த்தார். அவருடைய பழைய கட்சியான லிபர்டேரியன் கட்சி பல ஆண்டுகள் தன் அறிக்கையில் பெண்ணின் தேர்வை ஆதரித்துவிட்டு, 2022 மாநாட்டில் அந்தப் பகுதியையே நீக்கியது. போதைப்பொருள், ஆபாசம், குடியேற்றம் ஆகியவற்றிலும் பிளவு ஆழமானது. இவற்றில் சமரசம் தேடி நேரத்தை வீணாக்குவதைவிட, வேறுபாட்டை ஒப்புக்கொண்டு மற்றவற்றில் சேர்ந்து உழைப்பது நல்லது என்பது என் கருத்து.

அதற்கு நம் ஊரில் ஒரு முன்மாதிரி உண்டு. 1959-இல் சென்னையில் பிறந்த சுதந்திரா கட்சி. ராஜாஜி மதுவிலக்கில் அசையாத நம்பிக்கை உடையவர். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமராகச் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கிவைத்து, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார். ஒழுக்கத்துக்கான சட்டம் ஒன்று புது வரி ஒன்றையும் அழைத்து வந்தது. அதே மனிதர்தான் பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யத்தை எதிர்த்து, பம்பாயின் மினு மசானி போன்ற தாராளவாதிகளோடு கட்சி கட்டினார். அவர்கள் வகுத்த 21 கொள்கைகளில் கடைசியானது, இந்தக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள எல்லா விஷயத்திலும் உறுப்பினர்களுக்கு முழுச் சுதந்திரம் என்றது. 1967-இல் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களை வென்றது. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று 92 வயதில் முதல்வர் கருணாநிதியை நேரில் சந்தித்து வேண்டியதும் அதே ராஜாஜிதான். மதுவிலக்கைக் கட்சியின் நிபந்தனையாக்கியிருந்தால் தொழில் உரிமம் பற்றிப் பேச அவரோடு பலர் வந்திருக்க மாட்டார்கள்.

இன்று அமெரிக்காவில் இரு தரப்பும் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், புதிதாகச் சட்டம் கேட்பதைவிடக் கெடுதல் செய்யும் விதியை நீக்குவதிலிருந்து தொடங்கச் சொல்வேன். திருமணத்தில் அலபாமா ஒரு வழியைக் காட்டியது. ஒரே பாலினத் திருமணத்துக்கு உரிமம் தர மனமில்லாத நீதிபதிகள் சிலர் யாருக்குமே உரிமம் தராமல் இருந்த நிலையில், 2019-இல் உரிம முறையையே கைவிட்டார்கள். இணையர் படிவத்தை நிரப்பிப் பதிவு செய்தால் போதும்; ஆசீர்வாதம் யாரிடம் பெறுவது என்பது அவர்கள் விருப்பம். இரு தரப்பிலும் இதைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் இதை ஒரு நேர்மையான ஏற்பாடாகவே பார்க்கிறேன்.

அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் குறைந்த முதியோருக்கும் கூட்டாட்சி அரசு தரும் துணை வருமான உதவித் திட்டத்தில், தனியாக இருப்பவர் 2,000 டாலர் வரை சேமிப்பு வைத்திருக்கலாம். அந்த உதவி பெறும் இருவர் மணம் செய்துகொண்டால் இருவருக்கும் சேர்த்து வரம்பு 4,000 ஆவதில்லை, 3,000 தான். மாத உதவியும் இரண்டு பங்கு ஆகாமல் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கோடு நின்றுவிடும். சேமிப்பு வரம்பு 1989-இலிருந்து மாறவே இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் விரும்பி, மணம் செய்தால் வருமானம் குறையும் என்பதால் செய்யாமலே இருக்கிறார்கள். திருமணத்தைப் போற்றுபவர்களுக்கும், அரசு யாருடைய வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்பவர்களுக்கும் இது ஒரே அளவு வெட்கம் தர வேண்டும். இரு தரப்பிலிருந்தும் தலா ஐம்பது நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக்கூடிய திருத்தம் இது. கருக்கலைப்பைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.